இத்தாலியைவிடத் தொலைவில் ஒரு பேக்கிங் ஹால்

ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில், சரக்கு அனுப்பும் பிரிவின் மேலாளராக இருப்பவர் ஜியாவுதீன். தொலைவுக்கு ஏற்பக் குரலை உயர்த்திப் பேசுவது அவர் வழக்கம். அடுத்த அறைக்கு என்றால் முணுமுணுப்பார். வேலூருக்கு என்றால் முழங்குவார். காலணிகளை வாங்கும் இத்தாலிக்குப் பேசும்போது மரத்துக் காகங்கள் எழுந்து வேறிடம் போய் உட்காரும். தொழிற்சாலையின் கணினி இணைப்புகளைக் கவனித்துவரும் சோபனா இருப்பது வேலூரில். ஆகவே அன்று மாலை ஜியாவுதீன் பேசியது சாலைவரை கேட்டது.

“ஹலோ! ஹலோ, சோபனாம்மா! ஜியாவுதீன் பேசறேன்... கத்தலியேம்மா, மெதுவாத்தான் பேசறேன்!... நெட்வொர்க் மொத்தமா போய்டுச்சு! பேக்கிங் ஹால்ல ஒரு லேபிள்கூட பிரிண்ட் ஆவல. வாசல்ல லாரி நிக்குது. ராத்திரிக்குள்ள ஹார்பர் போய்ச் சேரலன்னா கப்பல் போய்டும், கூடவே என் வேலையும் போய்டும்...

சிரிக்காத! காலையிலயே சொன்னேன் இல்ல, நாளைக்குச் சென்னையிலர்ந்து புது கம்பெனி வர்றாங்க, உன் வேலைய அவங்களுக்கே குடுத்துடறேன்னு... சரி, சரி, கோச்சிக்காத. மொதல்ல இத பாரு.

இன்னா? கிட்ட இருக்கறதுலர்ந்து ஒவ்வொண்ணா பாக்கணுமா?... காதுலயா? ஆமா, ப்ளூடூத் மாட்டியிருக்கேன், போன் சட்டப் பையில... இதுவும் ஒரு நெட்வொர்க்கா! பையிலர்ந்து காது வரைக்குமா?... பர்சனல் ஏரியா... மாஷா அல்லாஹ், எனக்கே எனக்குன்னு ஒண்ணு! அது நல்லா வேலை செய்யுது, உன் திட்டு தெளிவா கேக்குது.

அடுத்து காம்பவுண்டுக்குள்ளயா? அத விடும்மா, கிட்ட இருக்கறது எங்க போய்டப் போவுது! தூரத்த பாரு...

பைபாஸ் குடோனா? கேமரா படம் இங்க தெரியுது. வாட்ச்மேன் பாண்டியன் கொட்டாவி விடறான்... ஊருக்குள்ள ரெண்டு எடத்த சேத்தா மெட்ரோபாலிட்டன் ஏரியாவா? நம்ம ஆம்பூருக்கா! கேக்கவே பெருமையா இருக்கும்மா!

இத்தாலியா? இப்பத்தான் மெயில் வந்துச்சு, லாரி கெளம்பிடுச்சான்னு... ஆமா, ஆமா, வைடு ஏரியா... அப்போ காது நல்லா இருக்கு, குடோன் நல்லா இருக்கு, இத்தாலி நல்லா இருக்கு... எதிர்ல இருக்கற பேக்கிங் ஹால்தான் எட்டலியா? காம்பவுண்டுக்குள்ளன்னா லோக்கல் ஏரியாவா? அரே, இன்னா பேஜாரும்மா இது!

வெளியில... போறேன், போறேன். ஆபீஸ்லர்ந்து ஹாலுக்கு மேலாக்க ஒரு கறுப்பு ஒயர்... தெரியும், தெரியும்...

யா அல்லாஹ்!

ஒயர் இருக்கும்மா. ஒயர் மேல தோலும் இருக்கு... தோலு, தோலு! கலர் அடிச்ச சாம்பிள் தோலு, கிளிப் போட்டு வரிசையா காயுது! ஒயர் தூளி மாதிரி தொங்குது... யாரு போட்டதா? இரு, பேக்கிங் பொண்ண கேக்கறேன்... ஏ ஹெலன்! ஒயர்ல தோல காயப்போடச் சொன்னது யாரு?... இன்னாது?... ஓ...

ஹலோ... அது... நான்தானாம். காலையில, ‘எங்க எடம் இருக்கோ அங்க மாட்டுங்க’ன்னு கத்தினேனாம்... ஆமாம்மா, உனக்கு வேலூர்லயே கேட்டிருக்கும்! சிரி, நல்லா சிரி.

தோலெல்லாம் எடுத்தாச்சு... பாரம் இழுத்து, செவுத்துப் பெட்டியில ஒயர் நுனி கழண்டுக்கினு வந்திருக்கு... உள்ள வெச்சு அழுத்தறேன்... ‘டிக்’ன்னுச்சு... பச்சை லைட்டு கண்ணடிக்குது!... கேக்குதா? மிஷின் சத்தம்! லேபிள் வருதும்மா! ஹெலன், ஒட்டு, ஒட்டு! டிரைவர எழுப்பு!

...

ஆங்... லைன்லதான் இருக்கேன்... பாஸ்வேர்டெல்லாம் எப்போ குடுக்கணுமா? சென்னைக்காரங்களுக்கா?...

மெதுவா பேசறேனா? ஆமா... வேலூரு கிட்டதானேம்மா. தோலு காயப்போட நாளைக்கு ஒரு கயிறு கட்டிடறேன். பாஸ்வேர்டு உன்கிட்டயே இருக்கட்டும். சென்னைக்காரங்கள வர வேணாம்னு சொல்லிடறேன்... வெச்சிடறேன்.”