அக்காவுக்குப் போட முடியாத ஊசி

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பேருந்து சூளகிரியைத் தாண்டியபோது, முன் இருக்கையில் கம்பெனி யூனிஃபார்மோடு இருந்தவர் பக்கத்தில் இருந்த மனைவியின் தங்கையிடம் கேட்டார்: "உங்க லேப்ல எலிக்கு அந்த ஊசியப் போட்டுப் பாத்த மாதிரி உங்க அக்காவுக்கும் பாக்க முடியாதா?"

"மனுசங்களுக்குப் போட இன்னும் அனுமதி இல்லீங்க மாமா."

"அது என்னதான் பண்ணும்?"

"கண்ணுக்கே தெரியாத பொடி. ஊசியில ஏத்துனா கேன்சர் கட்டியில போய் ஒட்டிக்கும். கேமராவுல பாத்தா அந்த எடம் மட்டும் பளிச்சுனு தெரியும். கடுகளவு இருந்தாலும் தெரியும்."

"அப்ப மொத ஆபரேசன்ல எடுக்காம விட்டதும் தெரிஞ்சிருக்கும்."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தெரிஞ்சிருக்கும். பி.ஹெச்டி சேந்ததுல இருந்து இதத்தான் பண்றேன் மாமா. அக்காவுக்கு உதவாமப் போச்சு."

பேருந்து கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நின்றது. அப்போது அவர் சொன்னார்: "உங்க அக்கா ஆஸ்பத்திரில பக்கத்து பெட்டுல இருக்கறவங்க கிட்டயெல்லாம், என் தங்கச்சி இதுக்குத்தான் மருந்து கண்டுபிடிக்கறான்னு சொல்லிட்டிருக்கா."

"மருந்து இல்லீங்க மாமா. கட்டி எங்க இருக்குன்னு காட்டும், அவ்வளவுதான்."

"எனக்குப் புரியுது. அங்க வந்து அவகிட்ட இதச் சொல்லிராத."

"சரிங்க மாமா," என்றாள். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்குமுன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.