பாலத்தில் கயிற்றைப் பிடிக்கச் சொன்னது நான்

வேனின் மேல் கட்டியிருந்த கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகு பாலத்தின் நடுவில் காற்றில் எழும்பி, என் மனைவியின் தம்பியுடைய வலது கையை இழுத்துக்கொண்டு போனது. கயிற்றைப் பிடிக்கச் சொன்னது நான். லாரி ஓட்டுநர் அல்ல காரணம்.

என் பெயரும் முகவரியும் முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. வயது ஐம்பத்திரண்டு. தலைச்சுமையாகக் கயிறு விற்றுத் தொடங்கி, இப்போது கயிறு, தார்ப்பாய் மொத்த வியாபாரம் செய்கிறேன். மைத்துனர் தையல்காரர்.

சம்பவத்தன்று காலை, படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர் வேன் ஒன்றையும் கயாக்கையும் வாடகைக்கு எடுத்து, நானும் மனைவியும் மைத்துனரும் ஏரிக்குப் புறப்பட்டோம். வேனை ஓட்டியது நான். கயாக்கைக் கட்ட வேன்காரர் பெல்ட் கொடுத்தார். "கயித்துக் கடைக்காரனுக்கே கட்டக் கத்துத் தர்றீங்களா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, என் கடை நைலான் கயிற்றால் குறுக்கே இரண்டு கட்டு போட்டேன். படகின் மூக்கிலிருந்து பம்பருக்கு ஒரு கட்டு போட வேண்டும் என்றார். கண்ணாடியை மறைக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு வழியில் ஒரு மணி நேரம் மழை பெய்தது. நைலான் நனைந்தால் இளகும், மறுபடி இறுக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்களுக்குத் தினமும் சொல்பவன் நான். அன்று இறங்கிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு பாலத்துக்குச் சற்று முன்பு, முன்கட்டு தளர்ந்து கயிற்றின் நுனி, என் பக்கத்தில் முன்சீட்டில் இருந்த மைத்துனரின் ஜன்னலில் வந்து அடித்தது. நிறுத்தச் சொன்னார். ஒதுங்க இடமும் இருந்தது. "ரெண்டு கிலோமீட்டர்தான் மாப்ளே, பாலம் தாண்டிக் கட்டிக்கலாம். அதுவரைக்கும் பிடி" என்றேன். "கொடியில சட்டை காயப்போட்ட மாதிரி வரச் சொல்றீங்களா அத்தான்?" என்று சிரித்துக்கொண்டே, வழுக்காமல் இருக்கக் கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார்.

பாலத்தின் நடுவில் பக்கக்காற்று பிடித்தது. படகின் மூக்கு எழும்பியது. அவர் தோள்வரை ஜன்னலுக்கு வெளியே போனார். தலை சட்டத்தில் மோதிய சத்தம் கேட்டது. பின்னால் இருந்த என் மனைவி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "பிரேக் போடாதீங்க, போடாதீங்க" என்று கத்தினாள். போட்டால் படகு முன்னால் பாயும், கையும் அதனுடன் போகும் என்று எனக்கும் தெரிந்தது. வேகமாகப் போனால் இன்னும் எழும்பும். என் கால் இரண்டு மிதிகளுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே காற்று வந்த பக்கம் ஏறி, எங்களோடு ஒட்டி ஓடியது. லாரி மறைத்ததில் காற்று நின்றது. படகு கூரையில் தொப்பென்று இறங்கியது. லாரி ஓட்டுநர் கையை மெதுவாகத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்ட, நானும் அப்படியே வேகத்தைக் குறைத்து நிறுத்தினேன். மனைவி சமையல் கத்தியால் கயிற்றை அறுத்தாள். சீக்கிரம் அறுபடாது என்று நானே சொல்லி விற்கும் கயிறு. பதினோரு இழுப்பு எண்ணினேன்.

அதன் பிறகு போலீசார் வந்து கேட்டபோது, லாரி உரசிக்கொண்டு வந்த காற்றில் படகு எழும்பியது என்று சொன்னேன். அது பொய். பயத்தில் சொன்னேன். நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த ஓட்டுநர் தன் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றி என் மனைவியின் கையிலிருந்த இரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய உரிமத்தைப் போலீசார் வாங்கி வைத்து இன்றோடு ஒன்பது நாள்.

நேற்று ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தார்கள். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. மடங்குமா என்று டாக்டரும் சொல்லவில்லை. செலவு முழுக்க என்னுடையது என்றேன். "காசை யார் கேட்டா அத்தான்? அந்த மனுஷன் வரலேன்னா என்னை ஆத்துலதான் தேடியிருப்பீங்க. போய் நடந்ததைச் சொல்லிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். என் மனைவி என்னிடம் பேசி ஒன்பது நாள் ஆகிறது.

எழுதியதை அதிகாரி உரக்கப் படித்தார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, நடந்தது இதுதான். கையெழுத்துக்கு முன் நானாகவே சேர்க்கச் சொல்வது: ஓட்டுநரின் ஒன்பது நாள் கூலி என் பொறுப்பு. மைத்துனரின் விரல் மடங்கும்வரை தினமும் காலை ஒன்பது முதல் ஒரு மணிவரை, அவர் சொல்லச் சொல்ல அவர் கடையில் நான் துணி வெட்ட வேண்டும். என் கடையைப் பிற்பகலில்தான் திறக்க வேண்டும். விரல் மடங்காவிட்டால் இதற்குக் கெடு கிடையாது. யாரும் கேட்காமலே இதை ஒப்புக்கொண்டேன்.