கபாசோ மாலின் கண்ணாடிச் சுவர்

உங்கள் அறைக்கு இந்தப் பச்சை வண்ணம் பொருந்தவில்லை, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. ஜன்னல் மேற்கே பார்த்திருக்கிறது. மாலை வெயில் விழுந்தால் உட்கார்ந்திருப்பவருக்கெல்லாம் காமாலை வந்ததுபோல் தெரிகிறது. லேசாகச் சிவப்பு கலந்த வெள்ளை அடித்துப் பாருங்கள். வருகிறவர்கள் தாமாகவே பேசத் தொடங்குவார்கள்.

நான் பேசத்தான் வந்திருக்கிறேன். நம் கிட்வே நகரில் பாதிக் கடைகளின் உள் அலங்காரம் என் கைவேலை. லோம்பே என்று சொன்னாலே போதும், தெரியும்.

கபாசோ மால் கட்டடத்தைப் பழைய கோலத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். தாமிரச் சுரங்கங்கள் செழித்த நாளில் கட்டியது. பழுப்புத் தரை, கண் சிமிட்டும் குழல் விளக்குகள், நடுவில் தண்ணீர் வராத நீரூற்று. அதில் எல்லோரும் மாங்கொட்டை போட்டார்கள். ஊருக்கு வெளியே புது மால் வந்த பிறகு, இங்கே நுழைந்தவர்கள் மழைக்கு ஒதுங்கியவர்கள்தான்.

முதலாளி கபாசோ என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சிரிப்பில் தொப்பை குலுங்கும்.

"லோம்பே, மாலுக்கும் வயசாயிடுச்சு, எனக்கும் வயசாயிடுச்சு. என்னை ஒண்ணும் பண்ண முடியாது. அதையாவது குமரியாக்கு. உள்ளே வந்தவனுக்கு வெளியே போக மனசே வரக் கூடாது."

அதைவிட இன்பமான வேலை எனக்கு வாய்த்ததில்லை. கூரையின் நடுப்பகுதியைப் பிரித்துக் கண்ணாடி பதித்தோம். பகல் வெளிச்சம் தரை வரை இறங்கியது. நீரூற்றில் செம்மண் கொட்டிச் செடி வைத்தேன். செருப்புக் கடைக்காரர் பல வருடங்களுக்குப் பிறகு முகச்சவரம் செய்துகொண்டு வந்தார். "இந்த வெளிச்சத்துல என் மூஞ்சி எனக்கே சகிக்கல" என்றார். ஓர் இடம் அழகானால் மனிதர்களும் அழகாகிறார்கள். இதை நான் இன்றும் நம்புகிறேன்.

ஒரே ஓர் இடம்தான் இடித்தது. கடைகளுக்கு நடுவே ஓடும் நீண்ட நடையின் கடைசியில், பேருந்து நிலையத்தைப் பார்த்தபடி, துருப்பிடித்த இரும்புக் கதவு ஒன்று. மேலே சிவப்பு விளக்கு, அவசர வழி என்ற பலகை. வாசலில் நுழைகிறவரின் கண் நேராக ஓடி எங்கே நிற்கும்? அந்தத் துருவில் நிற்கும். உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

கதவையொட்டி பானா சொம்பாவின் தையல் கடை. மூத்த மகன் பெயர் சொம்பா, அதனால் ஊருக்கே அவர் பானா சொம்பா, சொம்பாவின் அம்மா. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். காற்றுக்காகக் கதவில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருப்பார். சித்தெங்கே என்கிற வண்ணப் பருத்தித் துணியைத் தைக்கக் கொடுப்பவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள்.

நான் அந்த இடத்தை மறைத்து, தரையிலிருந்து உச்சி வரை முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரே சுவர் வைத்தேன். நடை இரண்டு மடங்கு நீண்டுவிட்டது. கடைகளும் இரண்டு மடங்கு. பானா சொம்பா இடுப்பில் கை வைத்து முன்னால் நின்றார்.

"ஐயோ கடவுளே, நான் ஒருத்தியே இந்த ஊருக்கு அதிகம். இப்ப ரெண்டா?"

"ரெண்டு பேருக்கும் சேர்த்துத் தைங்க," என்றேன்.

"அது சரி பொண்ணே, என் கதவு எங்கே?"

"பின்னாடியேதான் இருக்கு. எங்கேயும் போகல."

"நெருப்பு கிருப்பு பிடிச்சா நான் கண்ணாடிக்குள்ளயா ஓடுறது?"

"ஓடுங்க, பார்க்க அழகா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எங்களுக்குள் பகை ஏதும் இருந்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தீயணைப்புச் சோதனைக்கு வந்தவரை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம். அவர் வந்தபோது கதவு திறந்துதான் இருந்தது. அவர் பார்த்துவிட்டுப் போன பிறகே கண்ணாடியை நிறுத்தினேன். பிறகு ஒரு சிறு தொல்லை. காற்றடித்தால் கதவு அதிரும், கண்ணாடியும் அதிரும், அதில் தெரியும் முகங்கள் எல்லாம் நடுங்கும். அதனால் வெல்டிங் ஆளை வைத்துக் கதவைச் சுற்றிலும் பற்றவைத்து மூடினேன். வெளிப்பக்கம் அசிங்கமாகத் தெரிந்ததால் அதன் மேல் பெரிய விளம்பரப் பலகை மாட்டினேன். புன்னகைக்கும் ஒரு குடும்பம், கையில் பைகள். கண்ணாடியும் சாதாரணமானதல்ல, ஐயா. குழந்தைகள் ஓடிவந்து மோதினாலும் உடையாத கனமான வகை.

திறப்பு விழா சனிக்கிழமை மதியம். அப்படி ஒரு கூட்டத்தை அந்தக் கட்டடம் கண்டதில்லை. வாசலருகே மேடை, பாட்டு. ஒரு பக்கம் விடும்புவா மாவு உருண்டைகள் பொரித்தார்கள். குழந்தைகளின் கையெல்லாம் எண்ணெயும் சர்க்கரையும். கபாசோ ஆடினார். நான் மேடைக்கு மேலே பட்டுத் துணி கட்டியிருந்தேன், அலை அலையாக. விளக்கின் சூடு பட்டு அதில் தீப்பிடித்திருக்கிறது.

முன்பக்கம் நின்றவர்கள் தப்பித்தோம். கபாசோ இருமிக்கொண்டே தரையில் சரிந்தார், அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மற்றவர்கள் புகைக்கு முன்னால் நடையின் கடைசிக்கு ஓடினார்கள். பிழைத்த பெண் ஒருத்தி பிறகு சொன்னாள்: எதிரே இருந்து ஒரு பெருங்கூட்டம் அலறிக்கொண்டு தங்களை நோக்கி ஓடி வந்ததாம். அங்கேயும் நெருப்பு என்று நினைத்து, பாதிப் பேர் திரும்பிப் புகைக்குள்ளேயே ஓடினார்களாம். கண்ணாடி அவ்வளவு துல்லியம். அதை வைத்த இடம் சரி என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். விளம்பரப் பலகைக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு மோதும் சத்தம். பானா சொம்பாவின் இஸ்திரிப் பெட்டி என்று உடனே தெரிந்துவிட்டது. அந்தக் கனம் வேறு எதற்கும் கிடையாது. மற்றவர்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியுமே, கதவு எங்கே என்று. அப்படியானால் கண்ணாடியை உடைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"லோம்பே! பொண்ணே, கதவு! கதவைத் திற!"

நான் வெளியே நிற்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்னமும் யோசிக்கிறேன். ஒருவேளை அவர் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கலாம்.

தீயணைப்பு வண்டி கட்டடத்தின் மூலையில் வந்து நின்றது. அதன் இரைச்சலில் அவருடைய குரல் அமுங்கிப் போனது. இளைஞன் ஒருவன் இரும்பு அறுக்கும் இயந்திரத்தோடு ஓடி வந்தான்.

"அம்மா, நீங்க இங்க வேலை பார்க்கிறவங்களா? இந்தப் பக்கம் உள்ளே போக வழி இருக்கா?"

"இல்லை தம்பி," என்றேன். "முன்பக்கம் போங்க."

போய்விட்டான். நல்ல பையன், ஓடும்போதே நன்றி சொன்னான். நான் அங்கேயே நின்றேன், சத்தம் நிற்கும் வரை. உள்ளே அவரோடு எத்தனை பேர் இருந்தார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் பொய் சொன்னதாக அந்தப் பையன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். அவன் கேட்டது வழி இருக்கிறதா என்று. கதவு இருக்கிறதா என்று கேட்டிருந்தால், சொல்லியிருப்பேன்.