பதினாறாம் நாளுக்குள் வாங்கிய வண்டி

பகல் பன்னிரண்டரை மணி... செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் போகிற காட்டு ரோடு. இரண்டு பக்கமும் முள், கரடு. ஒரு டீக்கடை கிடையாது, ஒரு மனுஷன் கிடையாது.

பேய்க் கதையில் ஏது பகல் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நம் நிழல் நம் காலடியில் சுருண்டு கிடக்கிற நேரம் அவர்களுக்கும் வசதியான நேரம்தான். அந்தக் கொசுவத்தியைத் தள்ளி வைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள். மண்டபத்தில் பெண் வீட்டார் தூங்குகிறார்கள், சத்தம் வேண்டாம்.

இது என் சிநேகிதன் வெங்கடேசனின் சகலைக்கு நடந்தது. வெங்கடேசனுக்குக் கூடுவாஞ்சேரியில் டிங்கர் பட்டறை. சகலை பெயர் கோபாலகிருஷ்ணன். பெரிய ஆபீஸ், நல்ல சம்பளம், திருப்போரூரில் சொந்த வீடு. ஆனால் சட்டைப்பைக்குள் போன கை லேசில் வெளியே வராது.

அவனுக்குப் பழைய ஃபியட் மேல் பித்து. துருப்பிடித்ததை மலிவாக வாங்கி, தேய்த்துப் பெயின்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகவேண்டும். நாலு பேர் போனைத் தூக்கிப் படம் எடுக்கவேண்டும். துரைக்கு அவ்வளவுதான் லட்சியம். அதற்கு எடுத்த பணம் யாருடையது தெரியுமா? கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. அவன் மனைவி சங்கரி டாக்டரிடம் வைத்தியம் பார்க்கச் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று வாங்கிக்கொண்டான். நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பணத்தையும் முழுசாகச் செலவழிக்க மனசு வருமா? சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களை நின்று படிப்பான். வயசான ஆள், வீட்டில் பழைய கார் என்று தெரிந்தால் போதும். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் போய் நிற்பான். அழுகிற வீட்டில் யாரும் பேரம் பேசமாட்டார்கள் என்பது அவன் கண்டுபிடிப்பு.

அப்படித்தான் வேடந்தாங்கல் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனான். ரைஸ்மில் கண்ணாயிரம் செத்து ஆறு நாள். கூடத்தில் படம், விளக்கு, சொம்பில் தண்ணீர். கொட்டகையில் அவருடைய ஃபியட். தரைத்தகடு முழுக்கத் துரு... உள்ளே உட்கார்ந்தால் கீழே மண் தெரிகிறது. கண்ணாயிரத்தின் மனைவி வேண்டா ஒரு தொகை சொன்னாள். இவன் அதில் பாதி சொன்னான். அவள் வாயைத் திறப்பதற்குள் படத்தின் முன் போய்க் கும்பிட்டு நின்றான்.

"ஐயா, வண்டிய நான் கண்ணு மாதிரி பாத்துக்கிறேன். நீங்களும் எங்கூடவே நம்ம வீட்டுக்கு வாங்க. எப்பவும் போல முன்சீட்டுலயே உக்காந்துக்கலாம்."

பேரம் படிய அப்படி ஒரு நாடகம்! பதினாறு நாளும் செத்தவர் வீட்டைவிட்டுப் போவதில்லை என்றுதான் விளக்கு வைக்கிறோம். துக்க வீட்டிலிருந்து "வரேன்" என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போகிற ஊர் இது. இந்தப் படித்த மேதாவி "வாங்க" என்கிறான்.

வேண்டா அவனையே பார்த்தாள்.

"அவர இட்டுகினு போறியா சார்? மெய்யாலுமா?"

"ஆமாம்மா."

"அப்ப நீ சொன்ன துட்டே போதும்."

சாவியை அவன் கையில் வைத்தாள். உள்ளே போய்ப் படத்துக்கு முன் இருந்த விளக்கை அணைத்தாள்.

வண்டியைக் கொண்டுவர லாரி வைத்தால் செலவு. சகலை வெங்கடேசனின் குட்டியானை லோடு வண்டி சும்மாதானே நிற்கிறது! நைலான் கயிற்றில் ஃபியட்டைக் கட்டி வெங்கடேசன் குட்டியானையில் இழுக்க, இவன் பின்னால் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டான். ஃபியட்டில் பேட்டரி இல்லை. இன்ஜினுக்குள் எலிக்கூடு.

காட்டு ரோட்டில் ஒரு மேடு... வெங்கடேசன் ஆக்சிலேட்டரை மிதித்தான். இழுவை திடீரென்று லேசானது. சர்... சர்... என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தான். கயிறு தொய்ந்து தரையில் தேய்ந்துகொண்டு வருகிறது. மேட்டில்... இன்ஜின் ஓடாத வண்டி... தானாக ஏறி வருகிறது.

கோபாலகிருஷ்ணன் ஸ்டியரிங்கில் இல்லை. இடப்பக்கத்துச் சீட்டில், கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஸ்டியரிங் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியபோது அவன் பேன்ட் நனைந்திருந்தது. வண்டிக்குள் மூக்குப்பொடி வாசனை. இவன் பொடி போடுகிறவன் இல்லை. காசாகும்.

"யாரோ கனைச்சாங்க சகல... காதுக்குள்ள" என்றான்.

அடுத்த நாள் வீட்டுக்குள்ளும் அந்த வாசனை. ஆளில்லாத கூடத்தில் தும்மல். ஆசைப்பட்டு வாங்கிய வண்டியாயிற்றே என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தான். உட்கார்ந்த இடம் சூடாக இருந்தது. அவனுக்குக் கீழே... மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. மூச்சு.

வேண்டாவிடம் ஓடினான். பணத்தைத் திருப்பி வாங்கலாம் என்ற நப்பாசையும் கூட. அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பது வருசம் நான் வெச்சுகினு இருந்தேன் சார். உன்னால ஒரு வாரம் தாங்க முடில? எங்க வூட்ல அவரு இல்ல, நான் யாருக்குக் காரியம் பண்றது? வாயால கூப்ட்டது நீ. பதினாறாம் நாளு அதே வண்டில இட்டுகினு போயி, காரியம் பண்ணி, கடலாண்ட வுட்டுட்டு வா. வுட்டப்பறம் திரும்பிப் பாக்காத. யாரையும் கூப்டாத."

வெங்கடேசன் கூலி வாங்காமல் இன்ஜினை ஓடவைத்தான். பதினாறாம் நாள் காலை மாமல்லபுரம் பக்கம் கடற்கரை. சங்கரியும் கூட வந்திருந்தாள். அங்கே செத்துப்போன ஏழு வயதுப் பெண் குழந்தைக்குப் பால் ஊற்ற ஒரு குடும்பம் வந்திருந்தது. கோபாலகிருஷ்ணனுக்குக் கண் மின்னியது. நேராகப் போய்ப் பங்கு பேசிவிட்டான். ஒரே ஐயர், ஒரே வாழையிலை, ஆளுக்குப் பாதி எள்ளு. குழந்தையின் அப்பா அழுதுகொண்டே தலையாட்டினார். உயிர் போகிற பயத்திலும் சிக்கனம் பார்த்தவனை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

"தனி எல வெச்சா இன்னா சகல, கொறஞ்சா பூடுவ?" என்று வெங்கடேசன் கேட்டான். இவன் எள்ளைப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.

காரியம் முடிந்தது. கடலில் முங்கி எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். குளிர்ந்த, வெறும் சீட்டு. பொடி வாசனை இல்லை. உப்புக் காற்று மட்டும். சந்தோஷம் தாங்கவில்லை. பின்னால் ஈரப் புடவையோடு வருகிற சங்கரியைத்தான் கூப்பிட்டான். திரும்பாமல், பேர் சொல்லாமல் கூப்பிட்டான்.

"போயிட்டாரு! வா, வா, ஓடியா! வந்து ஏறு, நம்ம வீட்டுக்குப் போலாம்!"

வெங்கடேசன் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினான். வார்த்தை போய்விட்டது.

சங்கரி இன்னும் பத்தடி தள்ளித்தான் நின்றாள். பின்கதவுகள் மூடியிருந்தன. உள்ளே யாரும் இல்லை. பின்கதவுக் கண்ணாடியை இறக்குகிற கைப்பிடி... கிறீச்... அரைச் சுற்று. நின்றது. கிறீச்... இன்னும் அரைச் சுற்று. பலம் போதாத கை சுற்றுகிற மாதிரி. கண்ணாடி பாதி இறங்கியதும் பச்சைப் பால் வாசனை வந்தது.

கோபாலகிருஷ்ணன் கதவைத் திறந்துகொண்டு விழுந்தடித்து ஓடினான். வழியில் ஈர வேட்டி அவிழ்ந்ததைக்கூட எடுக்கவில்லை. வெங்கடேசனும் ஓடினான். அதை அவன் என்னிடம் மறைக்கவில்லை.

சங்கரி ஓடவில்லை. ஜன்னலுக்குப் போய்க் குனிந்தாள். மெதுவாக ஏதோ கேட்டாள். பதிலுக்குக் காது கொடுப்பவள்போல நின்று, தலையாட்டினாள். ஒன்பது வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து வெங்கடேசன் பார்த்ததில்லை. பின்கதவைத் திறந்தாள். கொஞ்சம் நகர்ந்துக்கோ என்று கையைக் காட்டிவிட்டு, ஏறி உட்கார்ந்தாள்.

அந்த ஃபியட் இன்றைக்கும் திருப்போரூரில் அவர்கள் வாசலில்தான் நிற்கிறது. துரை பஸ்ஸில் ஆபீஸ் போகிறார். விற்கலாம் என்று வாயெடுத்தால் சங்கரி பார்க்கிற பார்வைக்கு வாயை மூடிக்கொள்கிறார்.

போன மாதம் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வெங்கடேசன் அங்கே போயிருக்கிறான். சங்கரி பின்சீட்டில் இருந்தாள், மடியில் சீப்பு. விரல்கள் வெறும் காற்றைப் பின்னிக்கொண்டிருந்தன. ஒரு சடை முடிந்து, அடுத்த சடைக்குக் கை போனது. முதல் சடையில் மடித்துக் கட்டிய சிவப்பு ரிப்பன்... கீழே விழாமல் அந்தரத்தில் நின்றது.