வேவு பார்க்காத போன்

எனக்குப் போன் பார்க்கத் தெரியாது. காது நன்றாகக் கேட்கும். சங்கரன்கோவிலில் இருந்து திருவேங்கடம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த நரைத்த மனிதர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"எம்பொண்டாட்டி செத்தது என் போனுக்கு மட்டும் தெரியாதுவே."

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய?"

"வருசா வருசம் அம்மன் கோயில்ல ஆடிச்சுத்துன்னு நூத்தியெட்டு தடவ பிரகாரம் சுத்துவால்லா? முட்டுக்குப் பட்டை, பாதத்துக்குத் தைலம்னு என் போன்ட்டதான் பேசிப் பேசிக் கேப்பா. அவ போன பொறவும் ஆடி பொறந்தா அதே விளம்பரம். எங்க தொட்டாலும் முட்டுப்பட்டை."

"வேவு பாக்கானுவ அண்ணாச்சி. நாம தும்முனாக்கூட அவனுவளுக்குத் தெரியும்."

"அதான் மருமவன்ட்டச் சொல்லி, வேவு பாக்காத வேற போனு வாங்கிட்டேன். தேடுறது, பேசுறது எல்லாத்துக்கும் வேற ஆப்பு. ஒருத்தனும் எட்டிப் பாக்க முடியாதாம்."

"இந்த ஆடிக்கு?"

"ஒண்ணுமே வரல்ல."

"பொறவென்ன, நிம்மதி."

"நிம்மதிதான்."

அவர் சன்னலுக்கு வெளியே கரிசல் காட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"அவ முட்டுவலியப் பத்தி இப்பம் யாருமே பேசலவே. பெத்த பிள்ளைகளே மறந்துட்டாங்க."

அவருடைய நிறுத்தம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பழைய போன வித்துட்டியளா அண்ணாச்சி?"

"வீட்லதான் இருக்கு," என்றார், கம்பியைப் பிடித்தபடி. "தெனமும் சார்ஜ் போடுதேன்."