வெட்டுக்கிளிப் படத்து எறும்பு

— அண்ணி... எறும்பு திரும்பி வந்துடுச்சு.

— வந்ததும் வராததுமா என்ன சிட்டு உளறல்? ஜன்னலைத் திற, பசை நாத்தம் தாங்கலை.

— ஜன்னலை விடுங்க. அந்த வெட்டுக்கிளிப் படம் இருக்குல்ல... ஒரு இறக்கை விரிச்சு, ஒண்ணு மடக்கி... இருநூறு வருஷத்துப் படம்...

— மதியம் கண்காட்சிக்குப் போகுது. அதைத் துடைச்சுச் சுத்தம் பண்ணத்தானே உன்கிட்டக் கொடுத்தேன்? அதுக்கென்ன?

— அதோட பின்னங்கால் பக்கத்துல ஒரு எறும்பு இருக்கும்ல?

— இருக்கும். அதுக்கு இப்ப என்ன?

— நேத்து அதை நான் சுரண்டிட்டேன்.

— மெதுவாப் பேசு. பக்கத்து ரூம்ல ஆள் இருக்கு.

— அழுக்கு ஒட்டியிருக்குன்னு நினைச்சேன். கத்தி முனையால லேசா நெம்பினேன், பட்டுனு வந்துடுச்சு. அடியில மங்கலா நிழல் மாதிரி... அப்பதான் அது அழுக்கில்லை, வரைஞ்சதோன்னு உறைச்சுது. நம்ம மியூசியத்தை நடத்தற மேடம் எழுதின கண்காட்சிக் குறிப்பைத் தேடி எடுத்துப் படிச்சேன். "எறும்பைக்கூட விட்டுவைக்காமல் வரைந்த கை"ன்னு போட்டிருக்கு. ஆடிப்போயிட்டேன்.

— முதல்லயே படிச்சிருந்தா என்னவாம்?

— சேர்ந்து ஒரு மாசம்தானே ஆகுது... தட்டான், வண்டு, சில்வண்டுன்னு நூறு படம் இருக்கு. எதைன்னு படிப்பேன்? சரி, அதை விடுங்க. இன்னைக்கு வந்து உறையைத் திறக்கறேன், அதே இடத்துல எறும்பு ஜம்முனு உட்கார்ந்திருக்கு!

— அப்ப நீ சுரண்டவே இல்லை. ஏதாவது கனவு கண்டிருப்பே.

— கனவா? சுரண்டினது இதோ, பொட்டலமாப் பையில இருக்கு.

— ...அதை எதுக்கு வச்சிருக்கே?

— நீங்கதானே சொன்னீங்க, படத்துலேர்ந்து விழற தூசியைக்கூடத் தூக்கிப் போடாதேன்னு.

— வீட்டுல சொன்னா மட்டும் ஒரு பேச்சும் காதுல ஏறாது.

— யாரோ உள்ளே வந்து புதுசா வரைஞ்சிருக்காங்க அண்ணி. அதுவும் படு கேவலமா!

— கேவலமாவா?

— எட்டுக் கால் இருக்கு! எறும்புன்னு நினைச்சு சிலந்தியை வரைஞ்சு...

— அதுல ரெண்டு மீசை!

— நீங்க இன்னும் பார்க்கவே இல்லையே?

— ...எறும்புன்னா மீசை இருக்கும்ல? பொதுவாச் சொன்னேன்.

— ரூம் சாவி உங்ககிட்டயும் மேடம்கிட்டயும்தான் இருக்கு. பழைய படத்துல புதுசா ஒரு கோடு போடக்கூடாது, ஓட்டை இருந்தா ஓட்டையாவே விடணும்னு என் உயிரை வாங்கினது நீங்க. உங்களைச் சந்தேகப்பட்டா என் நாக்கு அழுகிடும். அப்ப... மேடமா?

— ஏய்! வாயை மூடு.

— யாரா இருந்தாலும் விடக்கூடாது. நான் சுரண்டினது, இவங்க வரைஞ்சது, ரெண்டையும் இன்னைக்கே சொல்லப்போறேன். வேலை போனாப் போகட்டும்.

— போனாப் போகட்டுமா? வேலை கிடைக்கலைன்னு ரெண்டு வருஷமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வீட்டைச் சுத்தி வந்தது யாரு?

— நான்தான். ஆனா உங்க வாக்கை நம்பிக் கொடுத்த வேலை இது. "நாத்தனார்ங்கறதால மூடி மறைச்சுட்டாங்க"ன்னு உங்களை ஒருத்தர் பேசினா எனக்குத் தாங்காது அண்ணி.

— ...அந்தப் பொட்டலத்தைக் கொடு.

— எதுக்கு?

— கொடுடி. மைக்ராஸ்கோப் விளக்கைப் போடு. நீ இதை வச்சுப் பார்த்தியா?

— கொலையும் பண்ணிட்டுப் பொணத்தையும் பார்க்கணுமாக்கும்!

— மூச்சு விடாதே, பறந்துடும்... சிட்டு!

— என்ன அண்ணி? தூளாயிடுச்சா?

— இங்கே வா. நீயே பாரு.

— கால்ல... கால்ல முடி இருக்கு!

— சாயத்துக்கு எங்கேயாவது முடி முளைக்குமா? நிஜ எறும்புடி இது!

— நிஜ எறும்பா...

— வயித்தைப் பாரு. வெட்டுக்கிளிக்குப் பூசியிருக்கிற அதே பச்சை. செத்த வெட்டுக்கிளியை மேஜையில வச்சுப் பார்த்துப் பார்த்து வரைஞ்சிருக்கார் மனுஷன். அதைத் திங்க வந்தது, ஈரம் காயறதுக்குள்ள படத்துல ஏறி மாட்டிக்கிச்சு.

— அப்ப அந்த நிழல்?

— இத்தனை வருஷம் ஒட்டியிருந்த கறை. நிழலாம் நிழல்!

— அப்ப நான்... படத்தை அழிக்கலை. அழிக்கலைதானே அண்ணி?

— ஒரு பொட்டுகூட அழிக்கலை. சாயம் உதிர்ந்திருந்தா போனது போனதுதான். இது முழுசா இருக்கு. ஒரு துளி பசை வச்சா இருந்த இடத்துலயே உட்கார்ந்துக்கும்.

— ஐயோ அப்பா... வயித்துல பாலை வார்த்தீங்க. கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்.

— உட்காரு, தண்ணி குடி. அழறியா சிரிக்கறியா? ஏதாவது ஒண்ணைச் செய்.

— ரெண்டும்தான் வருது, நான் என்ன பண்ண... மேடம்கிட்ட சொல்லிடணும்ல?

— சொல்லாம? அவங்க குறிப்பையே மாத்தி எழுதணும். முதல்ல ஒரு திட்டு விழும், வாங்கிக்கோ. அப்புறம் பாரு, வரைஞ்சவரோட மேஜையில ஊர்ந்த எறும்புன்னு ஊரையே கூட்டிடுவாங்க.

— திட்டட்டும், எவ்வளவு வேணா திட்டட்டும்! ஆனா அண்ணி... ஒட்ட வேண்டிய இடத்துல இந்தப் புது எறும்பை வரைஞ்சு வச்சிருக்காங்களே. அழிச்சா அடியில தாள் கெட்டுப்போகாதா?

— கெடாது. மெலிசாப் பசை தடவிக் காயவிட்டு, அதுக்கு மேலதான் வரைஞ்சேன்... ஈரப் பஞ்சு பட்டா வந்துடும். என்னடி அப்படிப் பார்க்கறே? நேத்து ரூமைப் பூட்ட வந்தப்ப வெறும் இடத்தைப் பார்த்துட்டேன். ராத்திரி நீ தலகாணியைக் கடிச்சுக்கிட்டு அழுததும் கேட்டுது. காலையில நடக்கப் போறேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டு வேற எங்கே போயிருப்பேன்? பஞ்சை எடு.