சாண் கணக்கில் அறுத்த கேபினட்

சோழவந்தானிலிருந்து காளவாசல் வரும் பஸ்ஸில், முன்சீட்டுப் பேச்சிலிருந்து நான் தெரிந்துகொண்டவை:

1. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு பெண்ணின் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது.
2. இனிமேல் வரப்போகும் புதுக் கார்டின் படம் லீக்காகி அவர் போனுக்கு வந்தது. அதற்காகக் காத்திருந்தார்.
3. காத்திருந்த நாளில் கம்ப்யூட்டர் பெட்டியை, அதாவது கேபினட்டை, அறுத்துவிட்டார்.

“அறுத்துட்டியா?” என்றார் அவர் பக்கத்தில் இருந்த கேமராக்காரர்.

“புதுக் கார்டு நீளம்ணே. இடிக்கும்னு உள்தகட்டை அறுத்து எடுத்துட்டேன்.”

“அளவு எவன் சொன்னான்?”

“படத்துல ஒருத்தர் அதைக் கையில பிடிச்சிருந்தார். என் கையை வச்சு சாண் கணக்குப் போட்டேன்.”

“அவன் பயில்வானா இருந்தா? அவன் சாண் எம்புட்டோ!”

அந்தப் பெண் போனை நீட்டினார். “நேத்து வேற படம் வந்திருக்கு. இதுல குட்டையா இருக்கு.”

“எதுதான் நெசம்?”

“ரெண்டுமே பொய்யாவும் இருக்கலாம். மாப்பிள்ளை திங்கக்கிழமை துபாய் போறாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள வீடியோவை அவுக கையில குடுத்தாகணும்.”

“கொஞ்சம் பொறுத்தா நல்ல கார்டு வருமேம்மா.”

“பொறுத்தது போதும்ணே. கடையில இன்னைக்கு என்ன இருக்கோ, அதை வாங்கி மாட்டப் போறேன். மாட்டுறப்ப நீங்க கேபினட்டை ஆடாமப் பிடிச்சுக்கங்க.”

“அம்புட்டு பெரிய ஓட்டைய என்ன பண்ணுவ?”

“காத்து நல்லா வரும்.”

காளவாசலில் இருவரும் இறங்கி, எதிரே இருந்த கம்ப்யூட்டர் கடைக்குள் போனார்கள். இன்று வியாழக்கிழமை. புதுக் கார்டு எப்போது வரும் என்று யாரும் இன்னும் அறிவிக்கவில்லை.